துக்க வீட்டில் ஒரு வருடம் விளக்கேற்றக் கூடாதா? சத்துவாச்சாரி ஆயாவின் பதில்

பேத்தி: இன்றைய கேள்வி குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. படிக்கிறேன், ஆயா. "வணக்கம் ஆயா. என் மாமனார் சென்ற ஐப்பசியில் காலமானார். வருஷத் திதி முடியும் வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, வீட்டில் சாமி விளக்கு ஏற்றக் கூடாது, என் மகளுக்குக் காது குத்தக் கூடாது என்று என் கணவரின் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு எங்கள் தெரு வழியாக வந்தபோது, என் மாமியாரை உள்ளறையில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நீங்களும் தாத்தாவை இழந்து, ஆனியில் வருஷத் திதி கொடுத்ததாகப் போன காணொளியில் சொன்னீர்கள். அந்த ஒரு வருடத்தை எப்படிக் கழித்தீர்கள்? எதைச் செய்தீர்கள், எதை விட்டீர்கள்?"

ஆயா: அந்தக் கதவைச் சாத்திய இடத்தை இன்னொரு முறை படி கண்ணு. ம். போதும்.

அம்மா, நீ கோயிலைக் கேட்டிருக்கிறாய், விளக்கைக் கேட்டிருக்கிறாய், காதுகுத்தைக் கேட்டிருக்கிறாய். மாமியாரைப் பற்றிக் கேள்வியாகக் கேட்கவில்லை, நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது. அதற்கு வருகிறேன். முதலில் உன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பெண் "ஆயா, விஷயத்துக்கு வா" என்று கைபேசியை ஆட்டிக்காட்டுவாள்.

தீட்டு வேறு, வருஷக் கட்டுப்பாடு வேறு. தீட்டு காரியத்தோடு முடிகிறது. எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி. சில சாதியில் பதினொன்று, சில வீட்டில் பதின்மூன்று. எந்த நாளாக இருந்தாலும் அன்றைக்கு வீட்டைக் கழுவி, எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, படைத்துச் சாப்பிட்டுவிட்டால் தீட்டு போய்விட்டது. அன்று மாலையே விளக்கை ஏற்றலாம். நாங்கள் ஏற்றினோம். கட்டிக்கொடுத்த மகளுக்கு அத்தனை நாள்கூடக் கிடையாது, அவள் வேறு வீட்டுப் பெண் ஆகிவிட்டாள் என்று மூன்று நாளில் விட்டுவிடுவார்கள். அப்பன் செத்த துக்கம் அவளுக்கு மூன்று நாளில் தீர்ந்துவிடுமா என்று யாரும் கேட்பதில்லை, அது தனிக் கதை.

அதற்குப் பிறகு வருஷத் திதி வரைக்கும் இருக்கிறதே, அது கொண்டாட்டத்துக்கான கட்டுப்பாடு. தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை, பொங்கலுக்கு வாசலில் பானை வைப்பதில்லை, சுப காரியங்களில் முன்னால் போய் நிற்பதில்லை. மலைக்கோயிலுக்கும் கொடிமரம் உள்ள பெரிய கோயிலுக்கும் போவதில்லை என்று பல குடும்பங்களில் வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் தை பிறந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள், சில வீடுகளில் திதி கொடுத்த பிறகுதான். இதில் எங்கேயும் வீட்டு விளக்கை அணைத்து வை என்று இல்லை. உங்கள் பெரியப்பா தீட்டையும் துக்கத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிவிட்டார்.

இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். அதை எங்கள் நன்மைக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது போன தீபாவளியில்தான் எனக்குப் புரிந்தது. கருமாதி முடிந்ததும் ஆளாளுக்கு என்னைத் தேற்ற ஆரம்பித்தார்கள். "எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பாய், எழுந்து வா, சிரி, பேரப்பிள்ளைகளைப் பார்" என்று. தீபாவளி வந்தது. விடியற்காலையில் தெரு முழுக்க வெடிச் சத்தம். எங்கள் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒருவரும் என்னிடம் வந்து ஏன் புதுப்புடவை கட்டவில்லை என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை, வழக்கம் எனக்காகப் பதில் சொல்லிவிட்டது. அன்றைக்கு நான் முகத்தைத் திருத்திக்கொண்டு யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியிருக்கவில்லை. துக்கப்படுகிறவளை ஒரு வருடம் அவள் பாட்டுக்கு விடுங்கள் என்று ஊருக்குப் போட்ட உத்தரவு அது. அதைத் திருப்பி அவள் மேலேயே போட்டு, அவளை அறைக்குள் தள்ளுவதுதான் அநியாயம்.

தீபாவளி என்றதும் நோன்பு ஞாபகம் வருகிறது. நம் வட ஆற்காட்டுப் பக்கம் தீபாவளிக்குக் கேதார கௌரி நோன்பு முக்கியம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 இழையில் நோன்புக் கயிறு. என் மாமியார் எனக்குக் கொடுத்த நோன்பு அது. நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து எடுக்கிறேன். துக்க வருடத்தில் எடுக்கக் கூடாது. "விட்டுப்போனால் போனதுதான், மறுபடி எடுக்க முடியாது" என்று ஒரு பங்காளி வீட்டு அம்மா பயமுறுத்தினாள். என் நாத்தனார் ஒரு வழி சொன்னாள். எங்கள் வீட்டுக் கயிற்றை அவள் வீட்டு நோன்பில் வைத்து எடுத்தாள். அதிரசம் எங்களுக்கு அவள் வீட்டிலிருந்து வந்தது. பாகு கொஞ்சம் முற்றிப்போய்ப் பல்லுக்கு வேலை கொடுத்தது, அதை இங்கே சொன்னால் அவள் பார்த்துவிடுவாள், பரவாயில்லை. இந்த வருடம் ஐப்பசியில் நானே எடுப்பேன். வழக்கம் ஒரு கதவை மூடினால் இன்னொரு வீட்டு வாசலை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது. அதை நமக்குச் சொல்லிக்கொடுக்க நாத்தனார் மாதிரி ஒருத்தி வேண்டும்.

இப்போது உன் மாமியார்.

குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே சிரசுத் திருவிழாவின் கதை மறந்துபோகுமா? தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து என்ன புறப்பட்டு வருகிறது? ஒரு பெண்ணின் வெட்டுப்பட்ட தலை. கணவர் ஜமதக்னி முனிவர் சொல்லி, பெற்ற மகன் பரசுராமன் கையாலேயே வெட்டுப்பட்டவள் ரேணுகா. அந்தத் தலையைக் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் உடலில் பொருத்துகிறார்கள். வழியெல்லாம் தேங்காய் உடைத்து உடைத்துத் தெரு வெள்ளையாகக் கிடக்கும். பிறகு அதே ரேணுகாவின் கணவரையும் கார்த்தவீரிய ராஜாவின் பிள்ளைகள் கொன்றார்கள். அவள் சிதையில் இறங்கினாள், மழை வந்து நெருப்பை அணைத்தது, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு எழுந்து வந்து வேப்பிலையால் மூடிக்கொண்டாள் என்று நம் கிராமங்களில் கூத்துக்காரர்களும் உடுக்கைப் பாட்டுக்காரர்களும் விடிய விடியச் சொல்வார்கள். எங்கள் குலதெய்வம் படவேட்டு ரேணுகாம்பாள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இது.

அதாவது, உங்கள் தெருவில் வந்த அம்மன் புருஷனைப் பறிகொடுத்தவள். சாவு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பார்க்கக் கூடாது என்று, புருஷனைப் பறிகொடுத்த இன்னொருத்தியை அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு அம்மனைப் பார்க்க எல்லோரையும் விட உரிமை உள்ளவள் உன் மாமியார்தான். கதவைச் சாத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் கணவர் எங்கே இருந்தார்? நீ எங்கே இருந்தாய்? கோபித்துக்கொள்ளாதே, கேட்கத்தான் செய்வேன்.

எனக்கும் இது நடக்கப் பார்த்தது. கருமாதிக்கு முதல் நாள் இரவு, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, விடிவதற்குள் அத்தனையையும் வாங்கிவிடுவார்களே, அந்தச் சடங்கு. வயதான பெண்கள் நாலைந்து பேர் தட்டோடு வந்து நின்றார்கள். தாலியைக் கழற்றி அவர் படத்துக்குக் கீழே நானே வைத்தேன். அது அவர் கட்டியது, அவரோடு போகட்டும். பொட்டு அப்படி இல்லை, அதை என் அம்மா எனக்குத் தொட்டிலில் வைத்தாள். பூவும் அப்படித்தான். வளையலை உடைக்க என் கையைப் பிடித்தபோது, என் பெரிய மருமகள் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. "அத்தைக்கு சர்க்கரை இருக்கிறது, கண்ணாடி கீறினால் ஆறாது" என்றாள். அவள் நர்ஸ். நர்ஸ் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். அந்தப் பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாஸ்திரத்தை எதிர்த்துப் பேசியிருந்தால் விடிய விடியப் பேசியிருப்பார்கள்.

விளக்கு விஷயத்துக்கும் இதையே சொல்கிறேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எம்.ஜி.ஆர். 1982இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருத்தி. கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை உண்டு. அதனால் என்னோடு சமையலராகவும் உதவியாளராகவும் இருந்தவர்களில் பலர் கணவன் இல்லாதவர்கள். அடுப்பைப் பற்றவைத்ததே அவர்கள் கைதான். அந்தக் கையால் பொங்கிப்போட்ட சோற்றை ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். யார் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை வயிற்றுக்குச் சோறு போடும்போது ஆகிற கை, அகல் விளக்கில் திரி போடும்போது ஆகாமல் போய்விடுமா? உன் வீட்டில் விளக்கை உன் மாமியாரையே ஏற்றச் சொல். நீ திரியைத் திரித்துக் கொடு.

கோயிலுக்குப் போகாமல் இருந்தால் சாமி கைவிட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று இன்னொருவரும் கேட்டிருந்தார், இல்லையா கண்ணு? அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை ஏறுகிறவள். என் வீட்டுக்காரர் காட்பாடி ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருந்தபோதுகூட அன்றைக்கு மட்டும் லீவு எடுத்துவிடுவார், இரண்டு பேரும் போவோம். போன ஆடியில் நான் மலை ஏறவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்கே கால் எழவில்லை. அவர் இல்லாமல் அந்தப் படிகளில் நிற்க முடியாது என்று தோன்றியது. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேலூரைப் பற்றிக் கேலியாக ஒரு சொலவடை உண்டு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. பெண்களைப் பற்றியும் ஒன்றைக் கடைசியில் சேர்த்துச் சொல்வார்கள், அதை என் வாயால் சொல்லப்போவதில்லை. அந்தச் சாமி இல்லாத கோயில் எது? கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயில். விஜயநகர ராஜாக்கள் காலத்தில் கட்டியது. கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஆனால் சண்டை சச்சரவில் உள்ளே இருந்த லிங்கத்தை எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 400 வருடம் கருவறை வெறுமையாகக் கிடந்தது. லிங்கம் இங்கே எங்கள் சத்துவாச்சாரியில், பிள்ளையார் கோயிலில் இருந்தது. 1981 மார்ச் 16ஆம் தேதிதான் திரும்பக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிது. ஊரே கோட்டைக்கு ஓடியது. எங்கள் மாமனார் "என் தாத்தா பார்க்காததை நான் பார்த்துவிட்டேன்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 400 வருடம் சாமி இல்லாமல் இருந்த கோயிலுக்கு ஊர் காத்திருந்தது. உனக்கு ஐப்பசி வரைக்கும் மூன்று மாதம். மலைக்கோயிலுக்கு வேண்டாம் என்று பெரியப்பா சொன்னால், சரி, அதை விட்டுக்கொடுத்துவிடு. அதில் சண்டை வேண்டாம். நம்பிக்கை மூன்று மாதத்தில் ஊசிப்போகிற பொருள் இல்லை.

அந்த நீரில்லாத ஆறான பாலாறுகூட 2021 நவம்பரில் இரண்டு கரையும் முட்டிக்கொண்டு போனதை நீ பார்த்திருப்பாய். 1903க்குப் பிறகு இவ்வளவு தண்ணீர் இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு காட்பாடிப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போலீஸ் விரட்டியது. சரி, அதை விடு, நான் எங்கேயோ போகிறேன்.

மார்கழிக்கு வருகிறேன். என் பெரிய மருமகள் கிறிஸ்தவப் பெண். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கும்பிடுகிறார்கள். டிசம்பர் பிறந்ததும் அவள் வாசலில் நட்சத்திரம் கட்டுவாள், அது பல வருடமாக நடக்கிறது. இந்த முறை அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. நான்தான் கேட்டேன். "மாமா நம்மை விட்டுப் போன வருடம், எப்படி அத்தை கட்டுவது" என்றாள். நம் வழக்கத்தை அவள் நம்மைவிடக் கவனமாகக் காப்பாற்றுகிறாள். நான் சொன்னேன், "அவர்தான் வருடா வருடம் ஏணி மேல் ஏறி அதைக் கட்டியவர். வயர் எங்கே செருகுவது என்று அவருக்குத்தான் தெரியும். கட்டு, அவருக்காக." சின்னப் பேரன் ஏறிக் கட்டினான். பங்காளிகள் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். துக்க வீட்டில் விளக்கா என்றார்கள். துக்க வீட்டில்தான் இருட்டு அதிகம், விளக்கு அங்கேதானே வேண்டும் என்றேன். கேரல் பாடுகிறவர்கள் இரவில் வந்து, விஷயம் தெரிந்து, மெதுவாக ஒரு பாட்டு மட்டும் பாடிவிட்டு, அவருக்காக ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். கேக் வெட்டவில்லை, புதுத்துணி இல்லை. அவள் தன் பண்டிகையிலும் எங்கள் துக்கத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பொங்கல் துக்க வருட வழக்கப்படியே போனது. சொல்வதற்கு ஒன்றுமில்லை.

தையில்தான் ஒரு சங்கடம் வந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கோயிலுக்குப் போகலாமா" என்று கேட்கிற வீடுகளில் இதை யாரும் கேட்பதில்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் அவர் சம்பாதித்து வாங்கிய கொஞ்சம் நிலம் இருக்கிறது, இந்த வீடு இருக்கிறது. உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கியதும் சொந்தக்காரர் ஒருவர் வந்து, மகளிடம், பங்கு வேண்டாம் என்று எழுதித்தருகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், திதிக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது என்று யோசனை சொன்னார். திதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அழுதுகொண்டிருக்கும்போது கேட்டால் பெண்பிள்ளை மறுக்காது, அதுதான் சம்பந்தம். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுய சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், தாய் உயிரோடு இருந்தால் தாய்க்கும், சமபங்கு. எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு நாலில் ஒன்று. பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சின்னவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பெங்களூரில் வீட்டுக்கடன் கட்டுகிறான், அவனுக்கும் கஷ்டம் இருக்கிறது. ஆனாலும் சரி என்றான். அம்மா, உன் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். உன் மாமியாருக்கு ஒரு பங்கு உண்டு, உன் நாத்தனாருக்கு ஒரு பங்கு உண்டு. கோயிலுக்குப் போகாமல் விரதம் இருந்துவிட்டு அதை மறைத்தால், அந்த விரதம் எதற்கு?

இனி மாசி. என் வருடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கமாட்டேன்.

மகாசிவராத்திரிக்கு அடுத்த அமாவாசையில் மயானக் கொள்ளை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளியெடுத்தார், அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, அவருக்குப் போடுகிற சோற்றையெல்லாம் தின்றுவிட்டது. அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைத்தாள். கபாலம் ஆசைப்பட்டுக் கையை விட்டுக் கீழே இறங்கியது. அவள் காலால் மிதித்து அடக்கினாள். இதுதான் கதை. மேல்மலையனூரில் பெரிதாக நடக்கும். ஆனால் வேலூரில் நடக்கிற மாதிரி வராது, இது என் ஊர்ப் பெருமை, வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்றங்கரை மயானத்துக்கு ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் அம்மன் தேர் வரும். காளி வேஷம் போட்டவர்கள், எலுமிச்சம்பழத்தை உடம்பெல்லாம் குத்திக்கொண்டவர்கள், பம்பை, உடுக்கை. கொழுக்கட்டையும் சுண்டலும் அவித்த மொச்சையும் சில்லறையும் வாரி இறைப்பார்கள். அதே நேரத்தில் அந்தந்தக் குடும்பத்துக்காரர்கள் தங்கள் சமாதியைச் சுத்தம் செய்து, மாலை போட்டு, படைத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் தெருவில் பிணம் எடுக்கும் நாளில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நான் அங்கேதான் நின்றேன். பால் தெளிக்கப் போனதும் ஆண்கள்தான். அவரை எங்கே வைத்தார்கள், எந்தப் பக்கம் தலை, பக்கத்தில் யார், ஒன்றும் எனக்குத் தெரியாது. மண்ணில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். வருடத்தில் மயானக் கொள்ளை ஒருநாள்தான் பெண்களும் பிள்ளைகளும் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவோம். எத்தனையோ வருடம் மாமனார் மாமியாருக்குப் படைக்கப் போயிருக்கிறேன். இந்த முறை அவருக்கு.

பெரிய மருமகள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய் இலவம்பாடியிலிருந்து, முள்ளு கத்தரிக்காய், அவருக்கு வேறு எதுவும் ஆகாது. மகள் கோழி வறுத்துக் கொண்டுவந்தாள். சின்ன மருமகள் பெங்களூரிலிருந்து முதல் நாள் இரவே வந்து கொழுக்கட்டை பிடித்தாள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில். இலை போட்டு, அவருடைய வெற்றிலைப் பெட்டியை வைத்து, பேரன்கள் கற்பூரம் ஏற்றினார்கள். மருமகள் கை கட்டி, கண்ணை மூடித் தன் வழியில் ஜெபித்தாள். நான் அவரிடம் பேசினேன். ஓய்வூதியம் என் பெயருக்கு மாறிவிட்டது, மோட்டார் ரிப்பேர் பார்த்தாயிற்று, பங்கு விஷயம் முடிந்தது, எல்லாம் சொன்னேன். சுற்றிலும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செத்துப்போன மாமியாரோடு சண்டையே போட்டாள். அப்போது தேர் வந்தது, சுண்டல் வந்து எங்கள் தலை மேலெல்லாம் விழுந்தது. சின்னப் பேரன் அதைப் பொறுக்கித் தின்றுகொண்டே, "தாத்தாவுக்குச் சாமியே சுண்டல் போடுகிறது" என்றான்.

உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல். துக்க வீட்டுக்காரர்கள் சாமிக்கு முன்னால் வரக் கூடாது என்றால், சாமி எதற்காக மயானத்துக்கு வருகிறது? நம் சீமைத் தெய்வங்கள் சாவு வீட்டைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் இல்லை. தலை வெட்டுப்பட்டவளும் சுடுகாட்டில் சோறு இறைத்தவளும்தான் நமக்கு அம்மன்.

காதுகுத்து பற்றி மட்டும் பெரியப்பா சொல்வதைக் கேள். அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. காது குத்துவது விசேஷம். பத்திரிகை அடிப்பீர்கள், தாய்மாமன் சீர் கொண்டுவருவார், ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவீர்கள். மாமனார் படத்துக்கு மாலை காயாமல் இருக்கும்போது அதைச் செய்தால் உன் மாமியாருக்குத்தான் வலிக்கும். ஐப்பசியில் திதியை முடித்துவிட்டு, தையில் வை. குழந்தைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. திதி என்றால் தேதி இல்லை என்பதையும் கவனத்தில் வை. அவர் இறந்த மாதத்தில் அதே பட்சம், அதே திதி என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு. பஞ்சாங்கத்தைப் பார்க்கிறவரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்.

அது வரைக்கும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இது ஆடி மாதம். உங்கள் தெரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். அது கொடிமரம் இருக்கிற கோயிலும் இல்லை, மலைக்கோயிலும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை மாமியாரைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, அவர் கையில் தூக்குவாளியைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போ. உன் கணவரையும் கூடவே வரச் சொல், அம்மாவுக்குப் பக்கத்தில் அவன் நிற்க வேண்டும். பெரியப்பா ஏதாவது கேட்டால் சத்துவாச்சாரி ஆயா சொன்னாள் என்று சொல். நேரில் பேச வேண்டுமென்றால் தாராளமாக வரட்டும், நான் வீட்டில்தான் இருக்கிறேன், காப்பி போட்டுத் தருகிறேன்.

அடுத்த கேள்வியை நாளைக்குப் பார்க்கலாம் கண்ணு, எனக்கு மாத்திரை போடுகிற நேரம் ஆகிவிட்டது.